கிரேஸ் அம்மாவுக்கு, ஒரு மனத்தாங்கலோடு

அன்புள்ள கிரேஸ் வில்லியம்ஸ் அம்மா,

இன்று பிப்ரவரி 10. வேல்ஸ் நாட்டு இசையமைப்பாளரான நீங்கள், 1977இல் உங்கள் சொந்த ஊரான பாரியில் கண்மூடிய நாள். வருடா வருடம் தள்ளிப்போட்ட கடிதம் இது. சரி, இந்த முறை எழுதியே விடுகிறேன்.

உங்கள் 'கடல் சித்திரங்கள்' இசைக்கோவையின் மூன்றாம் பகுதியை முதன்முதலில் கேட்ட இரவு நன்றாக நினைவிருக்கிறது. பனிமூட்டத்தில் கப்பல்களை எச்சரிக்கும் ஊதல், தூரத்திலிருந்து. எங்கோ ஒரு ஹார்ன் ஒளிந்திருக்கிறது என்று நம்பித் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஊதுகிற வாத்தியம் ஒன்றுகூட இல்லை. எல்லாமே தந்தி வாத்தியங்கள். தந்தியில் இழுக்கும் வில்லை வைத்தே பனியை இறக்கியிருக்கிறீர்கள். அதுவும் 1944இல், பிழைப்புக்காக ஊரைவிட்டு வெளியே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில். வேல்ஸின் கிளமார்கன் கடலோரத்தில் குடியேறும் நல்ல புத்தி இருந்ததற்காக அதை அம்மா அப்பாவுக்கே காணிக்கையாக்கினீர்களே, அங்கேதான் நீங்கள் எனக்கு நெருக்கமானவர் ஆனீர்கள்.

அப்படிப்பட்டவருக்கு 1951 மே 10 அன்று எப்படி மனம் வந்தது? கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் எடுத்துப் பார்த்து, வாசிக்கத் தகுதியில்லை என்று தோன்றியதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அழித்துவிட்டு, டைரியில் 'அழிவு நாள்' என்று குறித்தும் வைத்தீர்கள். யாரைக் கேட்டீர்கள்?

உங்களுடையது, நீங்கள் அழித்தீர்கள். தெரியும். வான் வில்லியம்ஸிடமும் வியன்னாவில் எகான் வெல்லெஸிடமும் இசையமைப்பு படித்தவருக்குத் தரம் பற்றி நான் சொல்வதா? அந்த நாட்களில் உங்கள் மனநிலை என்ன என்பது பற்றி எனக்கொரு எண்ணம் உண்டு. நாலு பேர் படிக்கிற இடம், இங்கே வேண்டாம். உங்கள் தோழியும் இசையமைப்பாளருமான எலிசபெத் மெக்கான்கியும் நீங்களும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அச்சில் வந்துவிட்டன. அவற்றிலிருந்தும் எதையும் எடுத்துப்போட மாட்டேன்.

அந்த அழிப்புக்குப் பிறகுதான் 1955இல் 'பெனிலியன்' வந்தது என்கிறார்கள். ஹார்ப் ஒரு மெட்டில் போக, பாடுபவர் வேறொரு மெட்டில் போகும் உங்கள் ஊர் மரபை, பாட்டே இல்லாமல் இளைஞர் ஆர்கெஸ்ட்ரா ஒன்றுக்குக் கொடுத்தீர்கள். பிரமாதம். அதற்காக மற்றதெல்லாம் போயிருக்க வேண்டுமா? எனக்கு ஒப்பவில்லை.

உங்கள் கைக்குத் தப்பியவற்றில் 1931இல் எழுதிய செக்ஸ்டெட்டும் (ஆறு வாத்தியங்களுக்கான இசை) ஒன்று. இப்போது ஒலிப்பதிவாக வந்திருக்கிறது. உங்களைக் கேட்காமல்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம், மன்னித்துவிடுங்கள். ஆனால் நிறுத்த மாட்டேன். இளம் வயது கிரேஸுக்கும் ஒரு ரசிகர் வேண்டாமா? அவர் எழுதியதை உங்களைவிட அன்போடு கேட்கிறேன் என்றே நினைக்கிறேன்.