ஸ்பானிஷுக்கு நடுவில் ஆங்கிலம் எதற்கு?

சென்னையில் மழலையர் பள்ளிகளுக்காக ஸ்பானிஷ் காணொளிகள் தயாரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஐடி ஊழியர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக் கொடுப்பவள். கொளத்தூரில் அக்கா மகன் யூகேஜி படிக்கிறான். அவன் பள்ளியில் போடும் காணொளிகளை அவனோடு உட்கார்ந்து நானும் பார்க்கிறேன். படமும் பாட்டும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு ஸ்பானிஷை ஏன் ஆங்கிலத்தைச் சுற்றிக் கொண்டுவருகிறீர்கள்?

எண்களையே பாருங்கள். 'ஊனோ, டோஸ், ட்ரெஸ்' என்கிறது பின்னணிக் குரல். அந்த 'ட' ஸ்பானிஷில் கிடையாது. இரண்டுக்கான சொல் தோசையில் வரும் 'தோ'வில் தொடங்குகிறது, மூன்று, 'த்ரேஸ்'. நாக்கு பல்லைத் தொடும் இந்த ஒலிக்கு ஆங்கிலம் பேசுகிறவர்கள்தான் தனியாகப் பழக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே வரும். சிறுவனைக் குறிக்கும் 'நீஞோ'விலும் நம்முடைய 'ஞ' அப்படியே இருக்கிறது. அதைப் போய் 'நின்யோ' என்று உடைத்துச் சொல்ல வைக்கிறீர்கள்.

வாக்கியத்துக்கு வந்தால் இன்னும் வருத்தம். முதலில் 'ஐ லைக் மேங்கோ', அப்புறம் 'மே குஸ்தா எல் மாங்கோ'. பிள்ளை 'மே' என்றால் 'ஐ' என்று எடுத்துக்கொள்கிறது. 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்று தமிழில் சொல்லியிருந்தால் வேலை அங்கேயே முடிந்தது: 'மே' என்பது 'எனக்கு'. என் வகுப்பில் முப்பது வயதுக்காரர்கள் இதே இடத்தில்தான் 'எனக்கு' என்பதற்குப் பதில் 'நான்' என்று தொடங்கி, 'யோ குஸ்தோ' என்று தடுக்கி விழுகிறார்கள். தமிழில் யோசிக்கச் சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள். வினைமுற்றும் அப்படித்தான். 'போகிறேன்' என்றாலே 'நான்' உள்ளே இருக்கிறது. 'வோய்' என்பதிலும் இருக்கிறது. நீ, நீங்கள் என்ற வேறுபாடு 'தூ', 'உஸ்தெத்' என்று அங்கேயும் உண்டு. தாத்தாவிடம் எப்படிப் பேசுவது என்று தெரிந்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எல்லாம் ஒத்துப்போகாது என்பதும் தெரியும். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்றால் அஃறிணையில் வளர்ந்த பிள்ளை விழிக்கும். அதற்கு விளக்கம் வேண்டாம். பாலைக் காட்டும் 'லா', 'எல்' என்ற முன்சொற்களோடு 'லா மேசா' (மேசை), 'எல் லீப்ரோ' (புத்தகம்) என்று சேர்த்தே சொல்லிப் பழகட்டும்.

பழங்கள் பாடத்தில் ஸ்ட்ராபெரியும் பீச்சும் எதற்கு? கோயம்பேட்டில் குவிந்து கிடக்கும் கொய்யாவும் பப்பாளியும் ஸ்பானிஷ் பேசும் அமெரிக்க நாடுகளின் பக்கமிருந்து கப்பலேறி வந்தவைதான். 'குவாயாபா', 'பப்பாயா' என்று அவற்றையே காட்டலாமே.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் நுங்கம்பாக்கத்தில் அந்தந்த நாட்டுப் பண்பாட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. ஸ்பெயினின் செர்வாந்தெஸ் நிறுவனத்துக்கு டெல்லிக்குத்தான் போக வேண்டும். எனவே இங்கே பல பிள்ளைகளுக்கு உங்கள் காணொளிதான் முதல் வாத்தியார். ஆனால் காணொளி தனியாக எவ்வளவு செய்யும்? அமெரிக்காவில் குழந்தைகளின் மொழி கற்றலை ஆராயும் பட்ரீசியா கூல் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், மாண்டரின் என்ற சீன மொழி பேசுகிறவர் நேரில் விளையாடியபோது 9 மாதக் குழந்தைகள் அம்மொழியின் ஒலியைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆளைத் திரையில் காட்டியபோது கற்கவில்லை. நம் பிள்ளைகள் அவர்களைவிடப் பெரியவர்கள்தான், சரி. என்றாலும் பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பதற்கு ஈடு இல்லை. 3, 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் திரை முன் உட்காரும் நேரம் ஒரு மணியைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் சொல்லிவிட்டது.

அதனால் காணொளியைச் சின்னதாக்குங்கள். கேள்வி கேட்டதும் குரலை நிறுத்தி, பிள்ளை பதில் சொல்ல இடம் விடுங்கள். இப்போது பாட்டு அதற்குள் பாய்ந்து வந்துவிடுகிறது. கூடவே அம்மாவோ ஆயாவோ படித்துச் சொல்லும்படி, தமிழ் எழுத்தில் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். ஆங்கிலம் தெரியாத பாட்டியும் பேரனிடம் 'தே குஸ்தா?' (உனக்குப் பிடிக்குமா?) என்று கேட்கலாம்.

எண்கள், பழங்கள், வணக்கம் சொல்வது என்று முதல் சில பாடங்களுக்குத் தமிழ்வழி வசனம் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன், காசு வேண்டாம். குரல் கொடுப்பவர் 'தோஸ்' என்று சொல்கிறாரா என்று மட்டும் ஒலிப்பதிவின்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்பானிஷ் ஆசிரியை
சென்னை