ஹே ஜூட் பாதியில் நின்ற கேசட்

அன்புள்ள ரெக்கார்டிங் சென்டர் அண்ணாவுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. மயிலாப்பூர் லஸ் முனைக்குப் பக்கத்துச் சந்தில், கேட்கிற பாட்டைக் கேசட்டில் பதிந்து தரும் கடை, வாசலில் ஒரு ஸ்டூல், உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய இடம். 1989இல் அங்கே வந்துபோன கல்லூரிப் பையன்களில் நானும் ஒருவன். பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும் இரண்டு டிடிகே 90 காலிக் கேசட்டுகளை நீட்டி, "பீட்டில்ஸ் ஹிட்ஸ் மட்டும் போட்டுக் கொடுங்கண்ணா" என்று கேட்டவன். அந்த நாலு பேர் இங்கிலாந்து ராக் குழுவின் பாட்டுகள் மேல் அப்போது எனக்குப் பைத்தியம். அந்த இரண்டு கேசட்டுகளுக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை.

அன்றைக்கு ஒரு பட்டியல் எழுதி எடுத்து வந்திருந்தேன். எல்லோரும் அப்படித்தானே வருவோம்! கோடு போட்ட தாளில் ஏ பக்கம், பி பக்கம் என்று பிரித்து எழுதி. இளையராஜா பாட்டு என்றால் தாளை வாங்கி ஆணியில் குத்திவிட்டு "நாளைக்குச் சாயங்காலம் வா" என்பீர்கள். என் தாளைப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள். பின்னாலிருந்த அலமாரியிலிருந்து பீட்டில்ஸின் இரண்டு ஹிட்ஸ் ஆல்பங்களை எடுத்தீர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு இசைத்தட்டு. ஒன்றுக்குச் சிவப்பு ஓரம், இன்னொன்றுக்கு நீலம்.

"நீ கேக்கறது பாதிக்கு மேல இதுலயே இருக்கு தம்பி. போட்டுத் தரேன். ஆனா வரிசைய மாத்த மாட்டேன்."

இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினீர்கள். லண்டனில் இஎம்ஐ என்ற ரெக்கார்டு கம்பெனி அலுவலகத்தின் மாடிப்படி. அதே கைப்பிடி, அதே நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். சிவப்பில் இருப்பது 1963இல் எடுத்த படம், ஒரே மாதிரி முடி வெட்டிய பையன்கள். நீலத்தில் இருப்பது 1969, நீண்ட முடியும் தாடி மீசையுமாக. இரண்டையும் எடுத்த போட்டோகிராபர் ஆங்கஸ் மக்பீன். இடையில் ஆறே வருஷம். "இந்த மூஞ்சி அந்த மூஞ்சியா எப்படி ஆச்சுன்னு பாட்டுல கேக்கணும்னா வரிசையாத்தான் கேக்கணும்" என்றீர்கள்.

பொதுவாக ஹிட்ஸ் தொகுப்பு என்றாலே இசை தெரிந்தவர்கள் மதிப்பதில்லை. முழு ஆல்பம் கேட்கப் பொறுமை இல்லாதவர்களுக்கானது என்பார்கள். இந்த இரண்டும்கூட வியாபாரக் காரணத்துக்காக வந்தவைதான். குழு பிரிந்த பிறகு அமெரிக்காவில் யாரோ அனுமதியில்லாமல் ஒரு தொகுப்பைப் போட்டு டிவியில் விளம்பரம் செய்து விற்க, அதற்குப் பதிலாக 1973 ஏப்ரலில் இவற்றை இறக்கினார்கள். சிவப்பில் 26 பாட்டு, நீலத்தில் 28. ஆனாலும் காலவரிசையில் அடுக்கினார்களே, அது ஒன்றே போதும். அந்த வரிசைதான் இதை ஒரு கதையாக்குகிறது.

சிவப்பு 'லவ் மீ டூ'வில் தொடங்குகிறது. 1962. ஒரு மவுத் ஆர்கன், எளிய தாளம், இரண்டு குரல், அவ்வளவுதான். மூன்று வருஷம் தள்ளி 'நார்வீஜியன் வுட்'டில் குழுவின் கிடார்காரர் ஜார்ஜ் ஹாரிசன் சிதாரை எடுக்கிறார். தேர்ந்த வாசிப்பு இல்லை, கிடார்காரரின் விரல் என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் அந்த ஆர்வம் எனக்கு இன்றும் பிடிக்கும். அப்புறம் 1966இல் 'எலினார் ரிக்பி'. நாலு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ. குழுவில் ஒருவர்கூட ஒரு வாத்தியத்தையும் தொடவில்லை. ராக் குழுவின் பாட்டில் கிடாரும் டிரம்ஸும் இல்லை! நாலு வருஷத்தில் இவ்வளவு தூரம்.

அந்த ஆகஸ்டில் சான்ஃபிரான்சிஸ்கோவில் பாடியதோடு ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்வதை நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தின் கூச்சலில் தங்கள் வாசிப்பே தங்களுக்குக் கேட்காத நிலை. சிவப்பு முடிந்து நீலம் தொடங்குவது சரியாக அந்த இடத்தில்தான். மேடையில் வாசித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் போனதும் ஸ்டுடியோவே அவர்களுக்கு வாத்தியமாகிவிட்டது.

நீலத்தின் முதல் பாட்டு 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. அது ஓடிக்கொண்டிருந்தபோது நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடம் ஆனதும் கையை உயர்த்தினீர்கள். "இங்க குரல் கனமாகுது பாரு." காரணம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பாட்டை இரண்டு விதமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். வேகமும் வேறு, சுருதியும் வேறு. ஒன்றின் தொடக்கமும் மற்றதன் முடிவும் வேண்டும் என்று அதைப் பாடிய ஜான் லெனான் கேட்க, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் ஒன்றின் ஓட்டத்தைக் கூட்டி, மற்றதைக் குறைத்து, சுருதி சேரும் இடத்தில் நாடாவை வெட்டி ஒட்டினார்கள். ஒட்டு விழுவது அந்த ஒரு நிமிடத்தில். நாள் முழுக்க நாடாவோடு புழங்கிய உங்கள் காது அதைப் பிடித்திருந்தது.

சரி, அந்தக் கேசட்டில் இருந்த ஒரு குறைக்கு வருகிறேன். ஒரு ரெக்கார்டுக்குக் கேசட்டில் ஒரு பக்கம் என்று பதிந்திருந்தீர்கள். சிவப்பு ரெக்கார்டுகள் சின்னவை, கேசட்டில் பக்கத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் காலியாகவே ஓடும். நீலம் அப்படியில்லை. ஒரு ரெக்கார்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஐம்பது நிமிடத்தைத் தொடும், கேசட்டின் பக்கமோ 45தான். அதனால் 'ஹே ஜூட்' முடிவில் எல்லோரும் சேர்ந்து நா நா நா என்று பாடும் இடத்தில், ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, டப்பென்று நாடா முடிந்துவிடும். அடுத்து வர வேண்டிய 'ரெவல்யூஷன்' இல்லவே இல்லை. பி பக்கத்தில் கடைசிப் பாட்டு ஆரம்பித்ததுமே போய்விடும்.

மிச்சத்தைச் சிவப்புக் கேசட்டின் காலி இடத்தில் போட்டுத் தாருங்கள் என்று மறுபடி வந்து நின்றேன். நீங்கள் சம்மதிக்கவில்லை. "வேணாம் தம்பி, காலம் கலந்துடும்." அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை அடங்கவில்லை.

2023இல் இரண்டையும் பெரிதாக்கி மறுபடி வெளியிட்டார்கள். சிவப்பில் இப்போது 38 பாட்டு, நீலத்தில் 37. பழைய சிவப்பில் ஹாரிசன் எழுதிய பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. அது பெரிய அநியாயம், இப்போதுதான் சரியாகியிருக்கிறது. 'டுமாரோ நெவர் நோஸ்' சேர்ந்திருக்கிறது. தம்பூரா மீட்டலும் ஒரே சுருதியில் நிற்கும் பாட்டும் மயிலாப்பூர்க் காதுக்கு அந்நியமாக இருக்காது. உங்களோடு உட்கார்ந்து அதைக் கேட்க ஆசை.

'நௌ அண்ட் தென்' என்று ஒன்றும் வந்திருக்கிறது. லெனான் வீட்டில் பியானோ வாசித்தபடி பாடி வைத்த கேசட். குரலும் பியானோவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்ததால் 1995இல் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். இப்போது கம்ப்யூட்டர் அந்தக் குரலைத் தனியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஹாரிசன் 1995இல் வாசித்த கிடார் அதிலேயே இருக்கிறது, லெனானும் ஹாரிசனும் இப்போது இல்லை. ஒரு கேசட்டிலிருந்து ஒருவரின் குரலை மீட்டெடுத்தார்கள் என்று படித்தபோது எனக்கு முதலில் உங்கள் கடைதான் ஞாபகம் வந்தது.

போன மாதம் லஸ் பக்கம் போயிருந்தேன். உங்கள் இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். கேட்டுப் பார்த்தேன், அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது பறக்கும் ரயிலில் போனில் 'ஹே ஜூட்' போட்டேன். முழுசாக ஓடியது. என் காது மட்டும் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றது.

கேசட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. உள்ளே வைத்த பட்டியல் அட்டைகள் மட்டும் இருக்கின்றன. சிவப்பின் பாட்டுகளைச் சிவப்பு மையிலும் நீலத்தின் பாட்டுகளை நீல மையிலும் எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பாட்டின் பக்கத்தில் பென்சிலில் 'பாதி' என்று இருக்கிறது. 'ஹே ஜூட்'டுக்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். இத்தனை வருஷம் அதை நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, நீலப் பேனாவைத் தேடி எடுத்து, அந்த வரியில் 'ரெவல்யூஷன்' என்று எழுதி வைத்தேன்.

அன்புடன்,
அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தம்பி