ஏதேனைக் கண்டுபிடித்துவிட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பைபிளில் ஆதாமும் ஏவாளும் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஏதேன் தோட்டம் இருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக வருஷா வருஷம் அறிவிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். ஒரு வருஷம் துருக்கியில் ஒரு மேடு, அடுத்த வருஷம் ஈரானில் ஒரு பள்ளத்தாக்கு, அப்புறம் பாரசீக வளைகுடாவுக்கு அடியில் ஒரு பழைய ஆற்றுப்படுகை, நடுவில் ஆள் கிடைத்தால் அமெரிக்காவில் ஒரு காடு. சேட்டிலைட் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு, பின்னணியில் தடதடவென்று ஒரு இசையையும் சேர்த்து, 'விஞ்ஞானிகள் அதிர்ச்சி' என்று தலைப்பு வைத்துவிடுகிறீர்கள். அதில் எனக்குக் கோபமில்லை, சொல்லப்போனால் இந்தத் தேடலின் கதையை ஆசையாகத் தேடிப் படிக்கிற ஆள் நான். ஆனால் உங்களில் ஒருவர்கூட நேராகப் பதில் சொல்லாத ஒரு கேள்வி இருக்கிறது, அதைக் கேட்கத்தான் இந்த மடல். நாலு ஆறுகளில் எந்த ஆற்றைக் கழற்றிவிட்டீர்கள்?

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம் ஒரு முகவரியே கொடுக்கிறது. ஏதேனிலிருந்து ஒரு நதி புறப்பட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சி, அங்கிருந்து நாலாகப் பிரிகிறது. பைசோன், பொன் விளையும் ஆவிலா தேசத்தைச் சுற்றி ஓடுகிறது. கீகோன் சுற்றுவது கூஷ் தேசத்தை. வழக்கமாக அந்தப் பெயர் எகிப்துக்குத் தெற்கே இருந்த நாட்டைக் குறிக்கும். இதெக்கேல் அசீரியாவுக்குக் கிழக்கே ஓடுகிறது, அதுதான் டைகிரிஸ். நாலாவது ஐபிராத்து, அதாவது யூப்ரடீஸ். அதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை, பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் தெரியும் என்று எழுதியவர் நினைத்திருக்க வேண்டும்.

ஆக இரண்டு ஆறுகள் இன்றும் மேப்பில் இருக்கின்றன, இரண்டைக் காணோம். காணாமல் போனவை போகட்டும், இருக்கிற இரண்டே முரண்டு பிடிக்கின்றன. டைகிரிஸும் யூப்ரடீஸும் கிழக்குத் துருக்கி மலைகளில் தனித்தனியாகப் பிறந்து, தெற்கு இராக்கில் அல்-குர்னா என்ற ஊரில் ஒன்றுசேர்ந்து, ஷத்துல் அரபு என்ற பெயரில் வளைகுடாவுக்குப் போகின்றன. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற மாதிரி ஓரிடத்தில் இவை பிரிந்திருந்தால் பிரச்சினையே இல்லை, தரையில் நடப்பது நேர்மாறாக இருக்கிறது. அதனால்தான் உங்களுக்குள் இரண்டு கட்சி. ஆறுகள் பிறக்கும் மலைக்குப் போகும் கட்சி ஒன்று, அவை சேரும் சதுப்புக்குப் போகும் கட்சி இன்னொன்று. மலைக் கட்சிக்குப் பைபிளின் எசேக்கியேல் நூலின் 28-ஆம் அதிகாரமும் துணை, ஏனென்றால் அங்கே ஏதேனோடு சேர்த்து தேவனுடைய பரிசுத்த பர்வதமும் வருகிறது.

இந்த இழுபறி புதிதல்ல. முதல் நூற்றாண்டிலேயே யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் பைசோனைக் கங்கை என்றும் கீகோனை நைல் என்றும் எழுதிவிட்டார். கங்கையும் நைலும் யூப்ரடீஸும் ஒரே ஊற்றிலிருந்து வர வேண்டுமென்றால் பூமியைத்தான் மடிக்க வேண்டும். இடைக்காலத்துக்காரர்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள்: ஆறுகள் பூமிக்கடியில் நெடுந்தூரம் ஓடி வேறெங்கோ கிளம்புகின்றன, அவ்வளவுதான். கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர், நோவா காலத்துப் பெருவெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது, இனித் தேடுவது வீண் என்றார். உங்கள் வரிசையில் எனக்குப் பிடித்த பதில் அதுதான். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் கேட்கவில்லை, மேப்பே போட்டு மெசபடோமியாவில் கொண்டுபோய் வைத்தார்.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு திசை. 1498-இல் மூன்றாம் பயணத்தில் தென் அமெரிக்கக் கரைக்கு வந்த கொலம்பஸ், ஒரினோகோ ஆறு கடலில் கொண்டுவந்து கொட்டும் நன்னீரைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தண்ணீர் சொர்க்கத்திலிருந்துதான் வர முடியும் என்று முடிவுகட்டினார். பூமி முழு உருண்டை இல்லை, பேரிக்காய் வடிவம், அதன் உச்சியில் ஏதேன் இருக்கிறது என்று ஸ்பெயின் ராஜா ராணிக்குக் கடிதமும் எழுதினார். ஏறிப் போய்ப் பார்க்க மட்டும் இல்லை. 1885-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் வாரன் ஏதேன் இருந்தது வட துருவத்தில் என்றார். 1914-இல் ஹாங்காங்கில் பத்திரிகை நடத்திய ஸே ட்சான் டாய், இல்லை, அது சீனாவின் சின்ஜியாங்கில் என்றார். மார்மன் என்ற அமெரிக்க மதப் பிரிவின் மரபில் அது அமெரிக்காவின் மிஸோரி. ஃப்ளோரிடாவில் எல்வி கேலவே என்ற வக்கீல் அபலாச்சிகோலா ஆற்றங்கரைதான் ஏதேன் என்றும், அங்கே வளரும் டோரேயா மரம்தான் நோவா பேழை செய்த கொப்பேர் மரம் என்றும் சொல்லி, 1950-களில் பூங்கா அமைத்து டிக்கெட்டே போட்டார். பெரும்பாலானவர்களுக்குத் தோட்டம் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது, கவனித்தீர்களா?

பிரிட்டிஷ் ராணுவத்தின் ஜெனரல் கார்டன் இதற்கு விலக்கு. பின்னால் சூடானின் கார்ட்டூமில் உயிரை விட்ட அதே கார்டன்தான். 1881-இல் மொரீஷியஸில் வேலையாக இருந்தவர், சீஷெல்ஸ் தீவுகளுக்குப் போய், பிராலின் தீவில் உள்ள வாலே டி மே பள்ளத்தாக்கில் நின்றார். அங்கே கடல் தேங்காய் மரங்கள் காடாக வளர்ந்திருந்தன. இரட்டைக் காய் ஒட்டிப் பிறந்த மாதிரி, பெண்ணின் இடுப்பை நினைவூட்டும் வடிவம். பார்த்தவருக்குப் பட்டென்று பிடிபட்டுவிட்டது: நன்மை தீமை அறியத்தக்க விருட்சம் இதுதான், பக்கத்திலே நிற்கும் ஈரப்பலா ஜீவ விருட்சம். கடல் தேங்காயில் பெரியது 20 கிலோவுக்கு மேல் கனக்கும். ஏவாள் அதைப் பறிக்க வேண்டுமென்றால் கையில் அரிவாளும் துணைக்கு நாலு ஆளும் வேண்டும், கடிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆறுகள் என்னவாயின என்று கேட்டால், இந்தியப் பெருங்கடலில் நிலம் மூழ்கிவிட்டது என்பது அவர் பதில். நாலையும் ஒரேயடியாகக் கடலுக்குள் தள்ளியாயிற்று.

இந்தக் கதையில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1340-களில் போப்பாண்டவரின் தூதராகச் சீனா போய்த் திரும்பிய ஜொவான்னி தே மரிஞ்ஞோல்லி என்ற பிரான்சிஸ்கன் துறவி, கொல்லத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கினார். கிளம்பும் முன், சொர்க்கத்துக்கு எதிரே இருக்கும் உலகத்தின் மூலையில் நடுகிறேன் என்று ஒரு கல் தூண் நாட்டி, அதில் போப்பின் சின்னத்தையும் தன் சின்னத்தையும் செதுக்கி, எண்ணெய் வார்த்தார். அந்த மூலை கன்னியாகுமரிப் பக்கம் என்று அவர் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். பிறகு இலங்கைக்குப் போனார். அங்கிருந்து சொர்க்கம் நாற்பது இத்தாலிய மைல் தூரம்தான், அதன் ஊற்று விழும் ஓசைகூடக் கேட்கும் என்று ஊர்க்காரர்கள் சொன்னதாக எழுதினார். ஆதாமும் ஏவாளும் இடுப்பில் சுற்றிக்கொண்டது வாழை இலை என்பது அவர் முடிவு. வாழைப்பழத்தைக் குறுக்கே வெட்டினால் சிலுவையில் தொங்கும் மனித உருவம் தெரிகிறது என்றும் எழுதினார். நம் வீட்டு அடுப்படியில் தினமும் நறுக்குகிற பழம்தான், நடுவில் விதை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கிளையாக ஒரு கோடு தெரியுமே, அதைத்தான் சொல்கிறார். வாழைக்குச் சொர்க்கத்தோடு ஒட்டிய உறவு அதோடு விடவில்லை, 1753-இல் லின்னேயஸ் அதற்கு 'மூசா பாரடிசியாகா' என்றே பெயர் வைத்தார்.

இங்கே ஒரு விஷயம், இலங்கையைக் காட்டி வீடியோ போடுகிறவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அங்கே 2,243 மீட்டர் உயரத்தில் ஒரு மலை இருக்கிறது: சைவர்களுக்குச் சிவனொளிபாதம், பௌத்தர்களுக்குப் புத்தரின் அடிச்சுவடு, முஸ்லிம்களுக்கு ஆதம் மலை. 1344-இல் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா அதில் ஏறியிருக்கிறார். ஆனால் முஸ்லிம் மரபில் அது சொர்க்கம் கிடையாது, சொர்க்கத்திலிருந்து இறக்கப்பட்ட ஆதம் முதலில் கால் வைத்த இடம். போய்ச் சேர்ந்த ஊரின் பெயரைப் புறப்பட்ட ஊருக்கு வைத்துவிடாதீர்கள்.

குமரிக்கண்டம்தான் ஏதேன் என்று சொல்லும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 1864-இல் ஃபிலிப் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரில் வாழும் லெமூர் என்ற குரங்கு போன்ற விலங்குகளின் உறவினங்கள் இந்தியாவிலும் இருப்பதற்குக் காரணம் தேடி லெமூரியா என்ற நிலத்தைக் கற்பனை செய்தார். ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், மனித இனம் பிறந்த இடம் என்று அதை மேப்பில் வரைந்து, 'சொர்க்கம்' என்று எழுதியும் வைத்தார். கண்டங்கள் நகர்கின்றன என்பது நிலைநாட்டப்பட்ட பிறகு மூழ்கிய கண்டத்துக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. அந்த மேப்பைத்தான் நீங்கள் இன்னமும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். அதில் யூப்ரடீஸ் எந்தப் பக்கம் ஓடுகிறது?

சரி, எல்லோரையும் கிண்டல் செய்துவிட்டு ஒருவரையும் பாராட்டாமல் போனால் நியாயமில்லை. ஜூரிஸ் ஸாரின்ஸ் என்ற தொல்லியலாளர் 1980-களில் முன்வைத்த கருத்து இருப்பதிலேயே கெட்டிக்காரத்தனமானது. (அவர் பாடம் நடத்தியது மிஸோரியில், ஆனாலும் ஏதேனை அங்கே தேடவில்லை. அதற்கே ஒரு சபாஷ்.) பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் வரை கீழே இருந்தது. பாரசீக வளைகுடாவின் சராசரி ஆழமோ 35 மீட்டர்தான், எனவே அது ஒரு காலத்தில் ஆறு ஓடிய பள்ளத்தாக்கு. டைகிரிஸ், யூப்ரடீஸ் இரண்டோடு, ஈரான் மலைகளிலிருந்து வரும் காரூன் ஆற்றைக் கீகோன் என்றார். அரேபியப் பாலையில் வறண்டு கிடக்கும் வாடி அல்-பாதின் என்ற ஆற்றுத் தடத்தைப் பைசோன் என்றார். அந்த வறண்ட தடத்தைப் பின்தொடர்ந்து மேற்கே போனால் மதீனா பக்கம் வரை போகிறது, அந்தப் பகுதியில் மஹ்த் அத்-தஹப் என்ற பழைய தங்கச் சுரங்கமும் இருக்கிறது. 1993-இல் ஃபாரூக் எல்-பாஸ் என்ற புவியியலாளர் சேட்டிலைட் படங்களில் மணலுக்கடியில் புதைந்த பழைய ஆற்றுத் தடத்தைக் காட்டியபோது இந்தக் கருத்துக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஆனால் இவரும் ஒன்றைக் கழற்றிவிட்டிருக்கிறார். நாலு ஆறும் இங்கே வந்து சேர்கின்றன, பிரியவில்லை. அதனால் வசனத்தைக் கீழேயிருந்து மேலே, ஆற்றை எதிர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. கூஷ் தேசத்தையும் ஆப்பிரிக்காவிலிருந்து ஈரான் பக்கம் நகர்த்த வேண்டியிருக்கிறது. அப்புறம் கடல் உள்ளே வந்து நின்று ஆறாயிரம் ஏழாயிரம் வருஷம் ஆகிறது, அந்த நினைவு எழுத்து பிறக்கும் முன்பிருந்து வாய்வழியாகவே சிதையாமல் வந்ததென்றும் நம்ப வேண்டும். நம்பலாம், தப்பில்லை. ஆனால் வீடியோவில் 'நிரூபணமாகிவிட்டது' என்று சொல்லாதீர்கள்.

பஹ்ரைன் கட்சியை விட்டுவிட்டேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். நோயும் சாவும் இல்லாத, சிங்கம் கொல்லாத தில்முன் என்ற நாட்டைச் சுமேரியர்கள் பாடியிருக்கிறார்கள், அது பஹ்ரைன்தான் என்பதற்கு நல்ல ஆதாரங்கள் உண்டு. ஆனால் அங்கே பாலைவனத்தில் தன்னந்தனியாக நிற்கும் 'வாழ்வின் மர'த்தைக் காட்டி ஆதாமோடு முடிச்சுப் போடாதீர்கள். அதன் வயது சுமார் 400 வருஷம். நம்மூர்க் கோயில்களில் தல விருட்சமாக நிற்கிற வன்னிதான் அது.

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்தது. நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் டைகிரிஸையும் யூப்ரடீஸையும் மறுக்க முடியாது. அவை சேரும் இடத்தைச் சுற்றித்தான் தெற்கு இராக்கின் பெரும் சதுப்பு நிலம் இருக்கிறது. நாணலைக் கட்டுக் கட்டாக வளைத்து, ஒரு ஆணிகூட அடிக்காமல், மூதிஃப் என்று கூடங்கள் கட்டுகிறார்கள் அங்கே. இதே போன்ற நாணல் கட்டடத்தை ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய சுமேரியச் சிற்பத்தில் பார்க்கலாம். எருமை வளர்த்து, மீன் பிடித்து, படகில் வாழ்ந்தவர்கள். 1991 கிளர்ச்சிக்குப் பிறகு அங்கே ஒளிந்தவர்களைப் பிடிக்க சதாம் உசேன் அரசு கால்வாய் வெட்டியும் கரை எழுப்பியும் தண்ணீரைத் திருப்பிவிட்டது. சதுப்பில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது என்று 2001-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அறிவித்தது. அதைக் காட்டியதும் நீங்கள் வட்டம் போடுகிற அதே சேட்டிலைட் படங்கள்தான். 2003-இல் ஊர் மக்களே கரைகளை உடைத்துத் தண்ணீரை உள்ளே விட்டார்கள், நாணல் திரும்ப முளைத்தது. 2016-இல் யுனெஸ்கோ இந்தச் சதுப்புகளை ஊர் (Ur), உருக், எரிது ஆகிய பழைய நகரங்களோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

இப்போது மறுபடியும் காய்கிறது. மழை குறைந்தது ஒரு பக்கம், மேலே அணைகள் ஒரு பக்கம். 1990 ஜனவரியில் அத்தாதுர்க் அணையை நிரப்பத் துருக்கி யூப்ரடீஸை ஒரு மாதம் நிறுத்தியது. டைகிரிஸில் இலிசு அணை நிரம்பியபோது, 2020-இல், ஹசன்கெய்ஃப் என்ற பழைய நகரம் தண்ணீருக்குள் போனது. கீழே தண்ணீர் குறையக் குறைய வளைகுடாவின் உப்பு ஷத்துல் அரபு வழியாக மேலே ஏறுகிறது, சதுப்பில் தேங்கிய கொஞ்சநஞ்சமும் உப்பாகிறது, அதைக் குடித்த எருமைகள் நோய்ப்பட்டுச் சாகின்றன. மாடு போனவன் நகரத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறான்.

உங்களில் சிலர் அல்-குர்னாவுக்கே போய், சிமென்ட் தரைக்கு நடுவே பட்டுப்போய் நிற்கும் 'ஆதாம் மர'த்துக்கு முன்னால் நின்று பேசுகிறீர்கள். லட்சக்கணக்கில் பார்வைகள் வருகின்றன. அவ்வளவு தூரம் போனவர்கள் ஒரு படகு பிடித்துச் சதுப்புக்குள் போய், அங்கே இருப்பவர்களிடம் தண்ணீர் எவ்வளவு வருகிறது, எந்த மாதத்தில் நின்றது, எத்தனை எருமை மிச்சம் என்று கேட்டு, அதில் ஐந்து நிமிஷமாவது போடுங்கள். தலைப்பு உங்கள் இஷ்டம், 'ஏதேன் கண்டுபிடிப்பு' என்றே வைத்துக்கொள்ளுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்துத் தொலைக்கும் ஒருவன்