கருப்பட்டி விற்கிறவர்கள் எழுத வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடன்குடி பனங்கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை விற்கிறவர்கள் இணையத்தில் எழுதும் கட்டுரைகளோ ‘பாரம்பரியம் மிக்க, தரமான, சுத்தமான’ என்பதைத் தாண்டுவதில்லை. அந்தச் சொற்களைத் தேடி யாரும் வருவதில்லை. சென்னையில் இருப்பவர் செல்போனில் தட்டுவது, ‘கருப்பட்டி ஏன் கசியுது’, ‘சீனி கலந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறது’ என்றுதான்.

கடைக்கு வரும் போன்களில் கேட்கும் கேள்விகளை ஒரு மாதம், கேட்ட சொல் மாறாமல் நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு கட்டுரை. அந்தக் கேள்வியே தலைப்பு. கருப்பட்டியைப் ‘பனைவெல்லம்’ என்று தேடுகிறவர்களும் உண்டு, முதல் பத்தியில் அந்தச் சொல்லும் வரட்டும்.

கசிவைப் பற்றி எழுதினால் முதல் இரண்டு வரியிலேயே பதில் இருக்க வேண்டும்: காற்றின் ஈரத்தைக் கருப்பட்டி இழுக்கும், மழைக்காலத்தில் கசியும், அதனாலேயே கெட்டுவிட்டதாக ஆகாது. ஈரமில்லாத ஜாடியில் இறுக மூடி வைக்க வேண்டும், ஈரக்கை படக்கூடாது. அடியில் மண் தங்கும், தண்ணீரில் காய்ச்சி வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும், கொதிக்கும் பாலில் நேரே போட்டால் பால் திரிந்துவிடலாம் என்பதையும் நாமே சொல்லிவிட வேண்டும். மறைத்தால் முதல் காபியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதும், பாகைச் சிரட்டையில் ஊற்றி வார்ப்பதும் நமக்குப் பழகிப்போனவை. வெளியூர்க்காரருக்கு அதுதான் புதுசு. சுண்ணாம்பு பூசிய கலயத்தை உள்பக்கம் தெரியப் படமெடுத்துப் போடுங்கள். செல்போன் படம் நாலைந்து எம்.பி. இருக்கும், 200 கே.பி.க்குள் சுருக்காவிட்டால் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார்.

சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மட்டும் எழுதாதீர்கள். கருப்பட்டியும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். உணவு நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்கின்றன.

தேடலில் மேலே வர வாரக்கணக்கில் ஆகும். பங்குனி, சித்திரையில் விற்பனை வேண்டுமென்றால் கட்டுரை தையிலேயே ஏற வேண்டும்.

இப்படி எழுதுவதை மாவட்டத் தொழில் மையம் ஒருநாள் வகுப்பாக நடத்தினால் சிறு வியாபாரிகளுக்குப் பெரிய உதவி. ஒவ்வொரு கட்டுரையின் கடைசிப் பத்தியிலும் கிலோ விலை, கூரியர் செலவு, போய்ச்சேரும் நாள், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (FSSAI) எண், ஒரே ஒரு வாட்ஸ்அப் எண் இருக்கட்டும். விலை மாறினால் அன்றைக்கே கட்டுரையிலும் மாற்றுங்கள்.

– வாசகர், பாளையங்கோட்டை