பாறையில் பதினான்கு குழி

அன்புள்ள பாப்பா,

போன வெள்ளிக்கிழமை நீ போனில் கேட்டதற்கு அப்போது எனக்குப் பதில் வரவில்லை. "இந்த வயசுல எதுக்குப்பா பாலைவனத்துல போய் கல்லையும் மண்ணையும் போட்டோ எடுத்துட்டிருக்கீங்க?" என்றாய். கோபத்தைவிட உன் குரலில் பயம்தான் அதிகம் இருந்தது. சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு வாரமாக அந்தக் கேள்வி மனசைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உன் பயத்துக்குப் பதில். இனிமேல் தனியாகப் போக மாட்டேன். ஜனவரியில் வடக்குக் கடற்கரைப் பக்கம் வண்டி புதைந்ததை உன்னிடம் சொல்லவில்லை, அது என் தப்பு. இங்கே கத்தார்க் கடலோரத்தில் சப்கா என்று உப்புத்தரை உண்டு. மேலே காய்ந்த களம் மாதிரி வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும். அடியில் சேறு. டயரில் காற்றைக் குறைத்தும் பயனில்லை, அச்சு வரை இறங்கிவிட்டது. மூன்று மணி நேரம் கழித்து, ஒட்டகம் மேய்க்கிற ஒரு சூடான்காரர் தன் பிக்கப்பில் கயிறு கட்டி இழுத்துவிட்டார். தேநீரும் கொடுத்தார். தண்ணீர் பன்னிரண்டு லிட்டர் கையில் இருந்தது, அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து ரூமில் இருக்கும் யாராவது ஒருவர் கூட வராமல் கிளம்புவதில்லை. ஏற்கெனவே டயர் தடம் இருக்கிற பாதையைவிட்டு இறங்குவதும் இல்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

கத்தாருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். அதில் இருபது வருஷம் நான் பார்த்ததெல்லாம் ரூம், சைட், ஏர்போர்ட். கம்பெனி பஸ் ஜன்னலில் இரண்டு பக்கமும் மஞ்சள் தரை ஓடும். தெற்கே எல்லையிலிருந்து வடக்கு முனை வரை சுமார் 160 கிலோமீட்டர், மூன்று பக்கமும் கடல். மழை வருஷத்துக்கு மூன்று அங்குலம் பெய்தால் பெரிது. இந்தத் தரையில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். உன் முதல் சம்பளத்தில் அந்தக் கேமராவை வாங்கி அனுப்பினாயே, அதை எதை நோக்கித் திருப்புவது என்று தெரியாமல்தான் ஒரு வெள்ளிக்கிழமை ஜஸ்ஸாசியாவுக்குப் போனேன்.

தோஹாவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம். கிழக்குக் கடலைப் பார்த்தபடி தாழ்வான சுண்ணாம்புப் பாறைமேடுகள். முதல் தடவை மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். சுற்றிச் சுற்றி நடந்தும் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. வெறும் பாறை, கண் கூசுகிற வெளிச்சம். திரும்பிவிட்டேன். மறுவாரம் விடியுமுன்னே போய் உட்கார்ந்திருந்தேன். கடலுக்கு மேலே சூரியன் ஒரு முழம் ஏறியதும் பாறை முழுக்க நிழல் விழ ஆரம்பித்தது பாப்பா. நான் மிதித்துக்கொண்டு நடந்த இடத்திலேயே ஒரு படகு இருந்தது! மேலிருந்து பார்க்கிற மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். மீன் வடிவத்தில் உடம்பு, இரண்டு பக்கமும் வரிசையாகத் துடுப்பு, பின்னால் கயிற்றில் ஒரு நங்கூரம். பக்கத்தில் இன்னொன்று. தள்ளி வேறொன்று, பூ மாதிரி வட்டமாகக் குழிகள்.

1957-இல் இந்த இடம் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது. 1974 வாக்கில் டென்மார்க்கிலிருந்து ஒரு அப்பாவும் மகனும் வந்து, ஹோல்கர் காபெல், ஹான்ஸ் காபெல் என்று பெயர், ஆறு வாரம் தங்கி 874 செதுக்கல்களைப் படமெடுத்து வரைந்து பட்டியல் போட்டார்கள். எல்லாம் மிகப் பழசு என்றுதான் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2012-இல் ஒன்பது செதுக்கல்களைச் சோதித்துப் பார்த்ததில், சில நூறு வருஷத்துக்கு மேல் வயதுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை. சொல்லப்போனால் அதனால்தான் இன்னும் நெருங்கியது. ராஜா யாரும் செதுக்கச் சொல்லவில்லை. கரையில் காத்திருந்த படகுக்காரர்கள் யாரோ, கையில் இரும்பும் நேரமும் இருந்தவர்கள்.

அந்தப் பாறையில் நான் முழங்கால் போட்டு உட்கார்ந்த இடம் ஒன்று உண்டு. இரண்டு வரிசை. ஒரு வரிசைக்கு ஏழு குழி. விரலால் தொட்டு எண்ணினேன், பதினான்கு. ஆச்சி வீட்டுப் பல்லாங்குழி! அங்கே அதிகமாக இருப்பதே இந்த ஏழேழு குழிதான். குழிகளில் கல்லையோ சிப்பியையோ போட்டு எண்ணி எடுத்து ஆடும் ஆட்டம் என்று சொல்கிறார்கள். எல்லாமே அதற்காகத்தானா என்று ஆராய்ச்சிக்காரர்கள் வாதாடட்டும், சில குழிகள் சரிந்த பாறையிலும் இருக்கின்றன, அங்கே காய் நிற்காது. ஆனால் அந்தச் சமதளப் பாறையில் என் விரல் நுனிகள் குழியில் அப்படியே உட்கார்ந்தன. புளியங்கொட்டை ஐந்து போட்டால் சரியாக இருக்கும்.

ஸுபாராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடமேற்கே, தோஹாவிலிருந்து 105 கிலோமீட்டர். போகிறவர்கள் எல்லாரும் அங்கே நிற்கிற கோட்டையைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது 1938-இல் கட்டியது, காவல் நிலையமாக இருந்தது. நிஜமான ஊர் கோட்டையைத் தாண்டிக் கடல் பக்கம், மணலுக்குள் கிடக்கிறது. சுமார் 60 ஹெக்டேர், சுற்றிலும் மதில். பதினெட்டாம் நூற்றாண்டில் குவைத்திலிருந்து வந்த வியாபாரிகள் உருவாக்கிய ஊர். முத்தும் வியாபாரமும்தான் அதன் பிழைப்பு. 1811-இல் எதிரிகள் அதைத் தாக்கி எரித்தார்கள். மிச்சமிருந்தவர்கள் சின்னதாகத் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்தில் அதையும் விட்டுப் போய்விட்டார்கள். 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, கத்தாரிலிருந்து முதலாவது.

அந்த ஊருக்குள் நல்ல தண்ணீர் கிடையாது. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, முரைர் என்ற இடத்தில்தான் கிணறு. அந்தக் கிணற்றுக்கு ஒரு கோட்டை. ஊரிலிருந்து அதை நோக்கி, பாதைக்குக் காவலாக இரண்டு சுவர்கள். குடத்தோடு நடந்து பழகிய நம் தெருக்காரர்களுக்கு அந்தச் சுவரின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. கேமராவில் அது வெறும் மண்மேடாகத்தான் வருகிறது. எத்தனை முறை எடுத்தும் சரியாக வரவில்லை, மறுபடி போவேன்.

அங்கே தோண்டியதில் பேரீச்சம்பழப் பாகு எடுக்கும் அறைகள் கிடைத்தன. மத்பஸா என்கிறார்கள். தரையில் ஏர் உழுத மாதிரி வரிசையாக வாய்க்கால். அதன்மேல் பழச் சாக்குகளை அடுக்கினால், பாரத்தில் பாகு பிழிந்து வடிந்து ஒரு மூலையில் புதைத்த ஜாடிக்குப் போகும். எனக்கு உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் விளைகள்தான் ஞாபகம் வந்தன. ஒரு வீட்டின் சாந்துச் சுவரில் யாரோ பாய்மரக் கப்பல் ஒன்றைக் கீறி வைத்திருந்ததும் அகழ்வில் கிடைத்திருக்கிறது.

முத்துக் குளிப்பும் நம்மூர்ச் சலாபம் மாதிரியேதான். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர் ஒருவர், மேலே கயிறு பிடிக்கிறவர் ஒருவர். இழுப்பவர் கை தாமதித்தால் இறங்கியவர் உயிர் போகும். என் தாத்தா, உனக்குப் பூட்டன், கயிறு பிடித்தவர். "மச்சானைத்தான்டா கயிறு பிடிக்க வைப்பாங்க, அக்கா தாலிக்காகவாவது கவனமா இருப்பான்" என்று சொல்வார். 1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும் இந்தக் கடலின் பிழைப்பு படுத்துவிட்டது. எண்ணெய் எடுத்து விற்கும் வரை இங்கே பட்டினிக் காலம். நாம் வந்து வேலை செய்கிற இந்த ஊர் ஒரு தலைமுறைக்கு முன்னால் எப்படி இருந்தது என்பதை நான் இருபது வருஷம் யோசித்ததே இல்லை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வடக்கு முனைக்குப் போகிற வழியில் அல் ஜுமைல் என்று கைவிட்ட மீனவ கிராமம் இருக்கிறது. மசூதியின் மினார் மட்டும் முழுசாக நிற்கிறது. வீடுகள் இடுப்பளவு. ஒரு சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் கல்லைக் கிட்டே போய்ப் பார்த்தேன். சின்னச் சின்ன நட்சத்திரமாகத் துளைகள். முருகைக்கல், கடலில் விளைகிற பவளக்கல்! ஆச்சி வீட்டுப் பின்பக்க மதில் எந்தக் கல்லோ அதே கல். அந்தப் படம் மட்டும் இதோடு வைத்திருக்கிறேன். சாயங்காலம் நாலரை மணி வெளிச்சம், ஒரு பக்கத்திலிருந்து விழுகிறது. கீழே ஓட்டுச் சில்லுகள் நிறையக் கிடந்தன, எதையும் எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது.

இதைத்தான் போய் எடுத்துக்கொண்டிருக்கிறேன் பாப்பா. தண்ணீருக்கு நடந்தவர்கள், கயிறு பிடித்தவர்கள், காத்திருந்த நேரத்தில் குழி தோண்டி விளையாடியவர்கள், இவர்களுடைய வீடுகளை. அடுத்த வருஷம் ஜூனில் என் கான்ட்ராக்ட் முடிகிறது, அதற்குள் எடுக்க முடிந்ததை எடுத்துவிட வேண்டும். டிசம்பரில் உனக்கு லீவு கிடைத்தால் நீயும் ஒரு வாரம் வா. அப்போதுதான் குளிர், சூரியனும் சாய்ந்தே இருக்கும்.

அப்புறம் ஒரு வேலை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஆச்சியின் பல்லாங்குழியை எடு. நெல் பத்தாயத்துக்கு மேலே துணியில் சுற்றி இருக்கும். திண்ணையில் காலை வெயில் பக்கவாட்டில் விழுகிற இடமாகப் பார்த்து வை. குழிகளில் பாதி நிழலும் பாதி வெளிச்சமும் இருக்கும்போது மேலிருந்து நேராக ஒரு படம் எடு. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைக்க மறக்காதே. என்னிடம் ஜஸ்ஸாசியா குழிகளின் அளவு இருக்கிறது.

அன்புடன்,
அப்பா