ஊறுகாய்க் கடுகு குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். கோட்டாறு கம்போளத்தில் இரண்டு வாரமாகச் சுற்றிவரும் குரல் பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள், இந்தக் கடை மாங்காய் ஊறுகாயில் அதுவும் குறைந்துவிட்டது" என்கிறார் பேசியவர். அதோடு நிறுத்தியிருந்தால் நாங்களும் சிரித்திருப்போம். "கடுகையும் வாங்கி முகர்ந்து பார்த்தேன், மணமே இல்லை, கலப்படம்தான்" என்றும் சொல்லிவிட்டார். அப்பா காலத்திலிருந்து தராசு பிடிக்கும் குடும்பம் இது.

முழுக்கடுகை முகர்ந்தால் எந்தக் கடைக் கடுகும் மணக்காது. விதைக்குள் நெடி கிடையாது. சினிகிரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. விதை நசுங்கி ஈரம் பட்டால்தான் இரண்டும் கலந்து அந்தக் கார எண்ணெய் பிறக்கும். கல்யாண வீட்டு வெள்ளரிக்காய்க் கிச்சடிக்குத் தேங்காயோடு பச்சைக்கடுகை அரைக்கும்போது கண் கலங்குகிறதே, அதுதான். சூடு பட்டால் நொதி செத்துவிடும். தாளித்த கடுகு உச்சியில் ஏறாததற்குக் காரணம் இதுவே.

அந்த ஏற்றம்கூட வெறும் வாசனையல்ல. மிளகாயின் காரம் எளிதில் ஆவியாகாமல் வாயோடு நிற்கும். கடுகின் காரம் ஆவியாகி மூக்குக்குள் போய், எரிச்சலையும் வலியையும் உணர்த்தும் முக நரம்பைச் சுண்டிவிடும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கினுடையது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஊறுகாயை நக்கிப் பாருங்கள்: உப்பு, புளிப்பு, உறைப்பு இருக்கும், காயமும் நல்லெண்ணெயும் காணாமல் போயிருக்கும். சளி பிடித்தாலும் இதே கதைதான். பதிவில் பேசியவர் நடுவில் மூன்று முறை தும்முகிறார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

கடுகில் கலப்படம் என்றால், பார்க்கக் கடுகு போலவே இருக்கும் பிரம்மதண்டு என்ற களைச்செடியின் நச்சு விதை. 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் அதன் எண்ணெய் கலந்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வாய்க்கு வந்தபடி சொல்லும் சொல்லா அது? கடைக்கு வாருங்கள், எந்த மூட்டையிலிருந்தும் நீங்களே எடுத்து நசுக்குங்கள். கடுகு வழுவழுப்பாக, உள்ளே மஞ்சளாக இருக்கும். பிரம்மதண்டு விதை சொரசொரப்பு, உள்ளே வெள்ளை.

பதினெட்டு வருடமாக எங்களுக்குக் கடுகு இடித்துத் தந்த அக்கா, மகளின் பிரசவத்துக்காகத் திருவனந்தபுரம் போயிருக்கிறார். இப்போது மெஷினில் அரைக்கிறோம்; அதற்காகக் கடுகை முன்பைவிடச் சற்று கூடுதலாக வறுக்க வேண்டியிருக்கிறது. ஆவணியில் அக்கா வந்துவிடுவார். அரைக்கிலோ பாட்டில் விலையில் 15 ரூபாய் கூடியிருக்கிறது.

மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கும், துபாயிலிருக்கும் பிள்ளைக்குப் பெட்டியில் முதலில் எங்கள் பாட்டிலை வைத்துவிட்டு மற்றதை அடுக்கும் அம்மாக்களுக்கும், பதிவைக் கேட்ட மறுநாளே வேண்டுமென்றே இரண்டு பாட்டில் வாங்கிப்போன ஆசிரியர் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி.

குறை இருந்தால் பாட்டிலோடு வாருங்கள், மாற்றித் தருகிறோம். பாதி காலியாகியிருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்
கோட்டாறு, நாகர்கோவில்