சிவப்பு எச்சரிக்கை யாருக்கு? சென்னைச் செய்திச் சேனல்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் உட்கார்ந்து தமிழ்நாடு முழுக்க மழைச் செய்தி சொல்லும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

நான் இருப்பது மேடவாக்கத்தில். மன்னார்குடிப் பக்கம் சித்தப்பா ஏழு மா நிலத்தில், அதாவது இரண்டேகால் ஏக்கர் சொச்சத்தில், சம்பா போடுகிறார். ஐப்பசி பிறந்தால் போதும், ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வந்துவிடும். "ஏம்ப்பா, டிவியில செவப்பு எச்சரிக்கைங்கிறானே, உரம் போடவா வேணாமா?" மழையைச் சென்னையில்தான் தயாரித்து அனுப்புகிறார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. உங்கள் செய்தியைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர், நாளைக்குப் பள்ளி உண்டா, மேம்பாலத்தில் வரிசையாக நிற்கும் கார்கள். தப்பில்லை, நானும் என் வண்டியைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியவன்தான். ஆனால் சித்தப்பாவுக்கு மழை எப்போது வரும் என்பதைவிட எத்தனை நாள் வராது என்பதுதான் முக்கியம். மேலுரமாக யூரியா தூவிய மறுநாள் கொட்டித் தீர்த்தால் அவ்வளவு காசும் வாய்க்காலோடு போய்விடும்.

விவசாயி காலத்துக்கேற்ப மாறமாட்டேன் என்கிறான் என்று உங்கள் விவாதங்களில் யாராவது சொல்லிவிடுகிறார்கள். என் சித்தப்பாவை வந்து பாருங்கள். மேட்டூர் திறப்பு ஜூன் 12 என்றிருந்த கணக்கு 2022-இல் மே 24, 2024-இல் ஜூலை 28 என்று ஆடியபோது, ஆற்றுத் தண்ணீரை நம்பி நாற்றங்கால் விட்டுக் காத்திருப்பதை விட்டு, மேட்டு வயலில் நேரடியாக விதைக்கப் பழகிக்கொண்டார். தண்ணீர் நிற்கும் பள்ளத்து வயலுக்கு சிஆர் 1009 சப்-1 என்ற நெல் ரகம், அது இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும். இதெல்லாம் அவரே பக்கத்து வயலைப் பார்த்து, வேளாண் அலுவலரைக் கேட்டு, ஒரு வருஷம் கையைச் சுட்டுக்கொண்டு கற்றது.

அவர் கையில் இல்லாதது அறுவடைதான். 2021 ஜனவரியில், பொங்கல் நேரத்து மழையில், அறுக்க வேண்டிய கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்தது. கதிரில் வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர் அவர், பயம் இருக்கும்தானே? அப்புறம் ஒரு தை மாதம் ஒரு சேனலில் 'டெல்டாவில் பேய்மழை' என்று நாள் முழுக்க ஓடியது. எந்த மாவட்டம், எந்த நாள், ஒன்றும் கிடையாது. பச்சை மாறாத கதிரை அவசரமாக அறுத்துவிட்டார். மழையோ தூறலோடு போய்விட்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, மெஷினில் இருபதைத் தாண்டிக் காட்டியது. நாலு நாள் ரோட்டில் பரப்பி, ராத்திரி தார்ப்பாய் மூடிப் பக்கத்திலேயே படுத்து, நெல்லைப் பல்லில் கடித்துக் கடித்துப் பார்த்தார். கடக் என்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டதாம். சரி, அறுக்காமல் விட்டு மழை நிஜமாகவே வந்திருந்தால்? ஈர வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வர வேண்டும், அதற்கு வாடகை கூடுதல்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வானிலைத் துறை ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும், அடுத்த ஐந்து நாளுக்கு மழை எவ்வளவு, காற்று எவ்வளவு, பயிருக்கு என்ன செய்யலாம் என்று மாவட்டவாரியாக வேளாண் அறிவுரை தருகிறது. மேகதூத் செயலியிலும் கிடைக்கிறது. ஆனால் சித்தப்பாவிடம் இருப்பது பட்டன் போன், வீட்டில் இருப்பது டிவி. அந்த இரண்டு நாளும் சாயங்காலச் செய்தியில் அதை மாவட்டம் மாவட்டமாக வாசியுங்கள். மேம்பாலத்துக் கார்களை ஒரு தடவை குறைத்துக் காட்டினாலே நேரம் கிடைத்துவிடும்.

அதுவரை நானே போனில் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வயல்காரர்களும் இப்போது என் நம்பரைக் கேட்கிறார்களாம்.